பச்சைச் சில்லையைப் பார்க்க ஆசையா? முதலில் தெருமுனை காலி மனைக்குப் போங்கள்

சில்லை என்பது புல் விதை தின்கிற சின்னப் பறவை; அதில் ஒரு வகையான பச்சைச் சில்லை தமிழ்நாட்டுப் பறவை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னைப் பள்ளிக்கரணையில் பச்சையாக ஏதோ பறந்தது, அதுதானா என்று மங்கலான படத்தோடு கேட்பவர்கள் உண்டு. அபு மலையும் அதை ஒட்டிய தென் ராஜஸ்தானும், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், ஒடிசா என்று நடு இந்தியாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில திட்டுகளும்தான் அதன் ஊர். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்-னின் சிவப்புப் பட்டியலில் அழியும் வாய்ப்புள்ள இனம் என்று வைத்திருக்கிறார்கள். பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும், சிட்டுக்குருவியை விடச் சின்னது.

அப்புறம் சென்னையில் இருக்கிறவருக்கு இந்தக் கட்டுரை எதற்கு என்றால், நேராக ரயில் ஏறி அபுவுக்குப் போகிற பலருக்கும் முதல் இரண்டு நாள், சில்லை என்றால் என்ன, அது எந்தப் புல்லில் உட்காரும், பறக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதிலேயே போய்விடுகிறது. அந்தப் பாடத்தை வேளச்சேரியிலோ தாம்பரத்திலோ காசு செலவில்லாமல் முடித்துவிடலாம். சென்னையைச் சுற்றி ஐந்து வகைச் சில்லைகளைப் பார்க்க முடியும். அந்த ஐந்தும் கைவந்துவிட்டால் ஆறாவது தானாகக் கண்ணில் படும்.

பறவையை விடுங்கள், புல்லைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் பைனாகுலரை எடுத்ததும் மரத்தைப் பார்ப்பார்கள். சில்லைக்கு அது உதவாது. இது புல் விதை தின்கிற பறவை, அதனால் புல் எங்கே கதிர் விட்டிருக்கிறதோ அங்கேதான் இருக்கும், கதிர் உதிர்ந்து முடிந்தால் வேறிடம் போய்விடும். போன வாரம் ஐம்பது பார்த்த இடத்தில் இந்த வாரம் ஒன்றுகூட இல்லையே என்று குழம்ப வேண்டாம், விதை தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகிறது. மழை இறங்கியதும் காலி மனை, ஏரிக்கரை, ரயில் பாதை ஓரம் எல்லாம் ஒரே பச்சை. அந்தப் புல் முற்றிக் கதிர் சாயும் காலம், தோராயமாக நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, கற்றுக்கொள்ள நல்ல காலம். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, மேலே மெல்லிய கொத்தாகக் கதிர் விரிகிற கினியாப் புல் இருக்கிறதே, ஓஎம்ஆர் பக்கம் வேலி போட்டுவிட்டு யாரும் எட்டிப் பார்க்காத மனைகளில் நிறைய இருக்கும், அதில் தொடங்குங்கள். கதிரின் காம்பு காற்றே இல்லாமல் வளைந்து ஆடினால் அங்கே சில்லை இருக்கிறது. காம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தின்னும், சில சமயம் பக்கத்துக் காம்பையும் ஒரு காலால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஈரமான இடத்தில் கதை வேறு. பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் சம்பும் கோரையும் நாணலும் அடர்ந்திருக்கின்றன. அங்கே கூட்டமாக அடைவதற்கும் கூடு கட்டுவதற்கும் அந்த அடர்த்தி வேண்டும், தின்பதற்கு ஓரத்துப் புல்லும் பக்கத்து வயலும் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். விதை காய்ந்த உணவு, அதனால் விதை தின்னிகள் தினமும் தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். தீனி, மறைவு, தண்ணீர் இந்த மூன்றும் ஒரு சுற்றளவுக்குள் இருக்கிறதா என்று எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பாருங்கள். பச்சைச் சில்லைக்கும் இதே கணக்குதான், புல்லின் பெயரும் புதரின் பெயரும்தான் மாறும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் தரிசு என்றும் மேய்க்கால் புறம்போக்கு என்றும் எழுதியிருக்கிற இடங்கள்தான் இந்தப் பறவைகளின் வீடு. 'சும்மா கிடக்கிற' நிலம் என்று நினைத்து நல்ல மனதோடு வரிசையாக மரக்கன்று நட வருகிறார்கள், இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம் தானாகவே ஏறிவிடுகிறது. இரண்டாலும் நிழல் விழுகிறது, கதிர் விடுகிற புல் போய்விடுகிறது. புல்வெளியில் மரம் நடுவதை எனக்குப் பசுமை என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அலகு சொல்லும்

சின்னதாக, பழுப்பாக ஏதோ ஒன்று புல்லில் இருக்கிறது. சில்லையா இல்லையா? அலகைப் பாருங்கள். கூம்பு மாதிரி, அடியில் தடித்து, தலையோடு ஒட்டியே தொடங்கினால் விதை தின்னி. ஊசி மாதிரி மெல்லியதாக இருந்தால் கதிர்க்குருவி. அது பூச்சி பிடிக்க வந்தது, வாலை அடிக்கடி தூக்கிக் காட்டும். அலகு தடிமன்தான், ஆனால் உடம்பு பெரிதாக, முதுகில் கோடு கோடாக இருந்தால் தூக்கணாங்குருவி. மழைக்காலம் முடிந்ததும் ஆண் தூக்கணாங்குருவி மஞ்சள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெண்ணைப் போலவே ஆகிவிடும், அதனால் நெல் வயலில் சில்லைக் கூட்டத்தோடு கலந்து வரும்போது குழப்பும். பக்கத்தில் ஒரு சில்லை நின்றால் அளவு வித்தியாசம் உடனே தெரியும். தூக்கணாங்குருவி பதினைந்து சென்டிமீட்டர், சில்லை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள்.

தரையில் நடக்கிற விதை தின்னி என்றால் வானம்பாடியாக இருக்கலாம். அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

நம் ஊர் ஐந்து

புள்ளிச் சில்லைதான் எல்லோருக்கும் முதலில் கிடைப்பது. செம்பழுப்பு முகம், வெள்ளை வயிற்றில் மீன் செதில் போலக் கறுப்பு வரிகள். மாடியிலிருந்தே பார்க்கலாம், குடியிருப்பு வளாகத்தில் குரோட்டன்ஸ் செடிக்குள்ளும் ஏசி பெட்டிக்குப் பின்னாலும் புல்லை இழுத்துக்கொண்டு போய்ப் பந்து மாதிரி கூடு கட்டும். இதை ஒரு வாரம் நன்றாகப் பாருங்கள், மற்றதெல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான்.

கருந்தலைச் சில்லை சம்புக்காரன். தலை முழுக்கக் கறுப்பு, முதுகு செங்கல் நிறம், விலா வெள்ளை, வயிற்றின் நடுவே மறுபடி கறுப்பு, அலகு வெளிர் நீலச் சாம்பல். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய 200 அடி ரோட்டிலோ பெரும்பாக்கம் ஈரநிலத்தின் ஓரத்திலோ காலையில் நின்றால் வாய்ப்பு உண்டு. பள்ளிக்கரணைக்கு 2022-ல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பூநாரையும் வாத்தும் பார்க்க வருகிறவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நீங்கள் கரையோரப் புல்லைப் பாருங்கள்.

வெண்தொண்டைச் சில்லை வறண்ட ஆள். வெளிர் மண் நிறம், வெள்ளி பூசின மாதிரி சாம்பல் அலகு, கூரான கறுத்த வால். முள் செடியும் வெட்டவெளியும் உள்ள சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கங்களில் தேடுங்கள். தூக்கணாங்குருவி விட்டுப்போன பழைய கூட்டுக்குள் குடியேறுகிற பழக்கம் இதற்கு உண்டு, ஆகவே தொங்கும் கூடுகளைப் பார்த்தால் ஆள் இல்லாத வீடு என்று தாண்டிப் போகாமல் கொஞ்சம் நின்று பாருங்கள்.

வெண்முதுகுச் சில்லை கறும்பழுப்பு, வயிறு வெளிறியது. மற்றவற்றை விடக் கொஞ்சம் மரம் விரும்பி. நன்மங்கலம் காப்புக்காட்டின் புதர் ஓரங்கள், மரம் நிறைந்த கல்லூரி வளாகங்கள் இதற்குச் சரி.

ஐந்தாவது சிவப்புச் சில்லை. இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் பச்சைச் சில்லைக்கு மிக நெருங்கிய சொந்தம் இதுதான், ஒரே பேரினம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சிவந்து, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். அப்போது குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும். மற்ற மாதங்களில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி மண் நிறம், அப்போது இறக்கையில் இருக்கிற சின்ன வெள்ளைப் புள்ளிகளும் வாலுக்கு மேல் முதுகில் ஒரு சிவப்புத் திட்டும்தான் துப்பு. அலகின் நிறமும் காலத்தோடு மாறுகிறது: மே மாதம் சிவக்கத் தொடங்கி, நவம்பர் டிசம்பரில் கருமை ஏறி, ஏப்ரலில் கறுத்து, மறுபடி சிவக்கும். உயரமான புல்லும் தண்ணீரும் சேர்ந்த இடம் வேண்டும் இதற்கு. சென்னையைச் சுற்றி எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஏரிகளின் நாணல் ஓரங்களில் பொறுமையாகத் தேட வேண்டியிருக்கும். தேடுங்கள். பச்சைச் சில்லை எப்படி உட்காரும், எப்படிக் கூட்டமாக எழும்பும் என்பதற்கு இதை விட நல்ல ஒத்திகை கிடையாது.

இவை ஐந்தும் உட்கார்ந்திருந்தால் எளிது. ஆனால் சில்லைகள் புதியவரிடம் பெரும்பாலும் முதுகைத்தான் காட்டும், பறந்து போகும்போது. எனவே வாலுக்கு மேலே, முதுகின் அடிப்பகுதியைப் பார்க்கப் பழகுங்கள். அங்கே வெள்ளை, உடம்பு வெளிர் என்றால் வெண்தொண்டை. வெள்ளை, உடம்பு கறும்பழுப்பு என்றால் வெண்முதுகு. சிவப்பு என்றால் சிவப்புச் சில்லை. ஒரு நொடிதான் கிடைக்கும், அதற்குள் வேறு எதையும் பார்க்க முயல வேண்டாம்.

குஞ்சுகள் பற்றி ஒரு வார்த்தை. புள்ளிச் சில்லையின் இளம்பறவையும் கருந்தலைச் சில்லையின் இளம்பறவையும் புள்ளியும் இல்லாமல் கருந்தலையும் இல்லாமல் ஒரே வெளிர் பழுப்பாக இருக்கும். படத்தை நான்கு பேரிடம் காட்டி விவாதிக்க வேண்டாம், அங்கேயே நில்லுங்கள், பெற்றோர் தீனியோடு வரும், பதில் கிடைத்துவிடும். வரவில்லை என்றால் 'சில்லை, வகை தெரியவில்லை' என்று எழுதுவதில் கேவலம் ஒன்றும் இல்லை.

கையில் என்ன, எப்போது

எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் போதும். பத்து மடங்கு வாங்கலாமே என்று கடைக்காரர் சொல்வார். கை நடுக்கமும் பத்து மடங்காகும், அசைந்துகொண்டே இருக்கிற சின்னப் பறவைக்கு எட்டுதான் சௌகரியம். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரைக்கு மேல். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், எதிரே இருந்தால் எல்லாச் சில்லையும் கருஞ்சில்லைதான். மூடின ஷூ கட்டாயம், உயரமான புல்லில் கண்ணாடி விரியன் இருக்கும், புல்லுக்குள் இறங்காமல் பாதையிலேயே நிற்பது உங்களுக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது. மனை வேலிக்குப் பக்கத்தில் பைனாகுலரோடு நின்றால் எதிர்வீட்டு அம்மா கட்டாயம் 'யாருப்பா நீ, என்ன பாக்குற' என்று கேட்பார். போனில் ஒரு சில்லைப் படம் தயாராக வைத்திருங்கள். பெரும்பாலும், எங்க வீட்டு மாடியில்கூட கூடு கட்டியிருக்கு என்று அவரே உள்ளே கூப்பிட்டுவிடுவார்.

சரி, இப்போது அபு

சென்னை சென்ட்ரலிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸ், அங்கிருந்து டெல்லி, ஜெய்ப்பூர் பக்கம் போகும் வண்டியில் அபு ரோடு. ஸ்டேஷனிலிருந்து மலை மேலே ஊருக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பாதை, ஜீப்பும் பஸ்ஸும் கிடைக்கும். ஊர் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மலையின் உச்சியான குரு சிகரம் 1,722 மீட்டர். குளிர்காலத்தில் போனால் நம் ஊர் மார்கழிக் குளிருக்கு எடுத்து வைக்கிற ஸ்வெட்டர் பத்தாது.

அங்கே மழை தென்மேற்குப் பருவத்தில், அதாவது ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. நம் கணக்கை மூன்று மாதம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள், புல் அக்டோபரிலேயே முற்றிவிடும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இனப்பெருக்கக் காலமும்கூட, ஆகவே பார்ப்பதற்கு நல்ல காலம் என்பதோடு தொந்தரவு கொடுக்கவே கூடாத காலமும் அதுதான்.

இடம் என்றால் காட்டுக்குள் போகத் தேவையில்லை, நக்கி ஏரிக்கரைக் கூட்டத்திலும் தேட வேண்டாம். ஓரியா கிராமம், அசல்கட், குரு சிகரம் போகும் வழி, இந்தப் பக்கத்து வயல் ஓரங்கள். பாறை, இடையே சின்ன வயல், வயலின் வரப்பில் உண்ணிச்செடிப் புதர், பக்கத்தில் கிணறோ ஓடையோ. தீனி, மறைவு, தண்ணீர், அதே மூன்று. உண்ணிச்செடி வெளிநாட்டிலிருந்து வந்த ஆக்கிரமிப்புச் செடி, முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் அதை எடுக்கப் படாத பாடு படுகிறார்கள். ஆனால் அபுவில் இந்தப் பறவை அதற்குள்தான் ஒளிகிறது, கூடும் கட்டுகிறது. களைச்செடி என்று சொல்லி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடுங்கினால் அதன் இடத்தில் என்ன வரும் என்று யோசிக்காமல் செய்யக்கூடாத வேலை அது. சமவெளிகளில் இதற்குக் கரும்பு வயல் பிடிக்கும், கரும்புத் தோகையைக் கிழித்து உருண்டையாகக் கூடு கட்டும்.

விவசாயியிடம் கேட்டுவிட்டு வரப்பில் ஓரமாக உட்காருங்கள். நடந்து தேடினால் கூட்டம் எழும்பிப் புதருக்குள் போய்விடும், அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் அவையே தரைக்கு இறங்கி வரும். முதலில் சத்தம்தான், மெல்லிய கீச்சு, புதருக்குள்ளிருந்து. ஆண் பாடும்போது நீட்டி, கடைசியில் ஒரு அதிர்வோடு முடிக்கும்.

அதுதானா?

ஆண் மேலே இளம் பச்சை, கீழே எலுமிச்சை மஞ்சள், அலகு மெழுகு மாதிரி பளபளக்கிற சிவப்பு, வால் கறுப்பு. இவை எல்லாவற்றையும் விட நம்பகமானது விலா. இறக்கைக்குக் கீழே உடம்பின் பக்கவாட்டில் வரிக்குதிரை போலக் கறுப்பும் வெள்ளையுமாகச் செங்குத்துப் பட்டைகள். வேறெந்தச் சில்லைக்கும் பச்சை உடம்பில் இந்தப் பட்டை கிடையாது. பெண்ணுக்கும் அதே அமைப்புதான், எல்லாம் ஒரு மடங்கு மங்கல். இளம்பறவைக்குப் பட்டையும் இல்லை, சிவப்பு அலகும் இல்லை, கறுத்த அலகோடு இருக்கும்; அதைத் தனியாகப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள், கூட்டத்தோடு பாருங்கள்.

குழப்புவது வெள்ளைக்கண்ணி. அதுவும் சின்னது, பச்சை மஞ்சள், புதருக்குள் கூட்டமாகத் திரியும். ஆனால் அலகு மெல்லியது, கறுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். மேலே சொன்ன அலகுப் பாடம் இங்கேதான் கைகொடுக்கும். அபுவில் பச்சைச் சில்லை பெரும்பாலும் தனியாக வராது. சிவப்புச் சில்லையும் வெண்தொண்டைச் சில்லையும் புள்ளிச் சில்லையும் கலந்த கூட்டத்தில் வரலாம். அந்த மூன்றையும் பார்த்த கணத்தில் ஒதுக்கிவிடத் தெரிந்தவருக்குக் கூட்டத்தில் மிச்சம் இருப்பது உடனே தெரியும். ஐந்தையும் இங்கேயே பழகிவிட்டுப் போகச் சொன்னது இதற்குத்தான்.

சென்னையிலேயே ஒன்றைப் பார்த்துவிட்டால்

கூண்டிலிருந்து தப்பியதாக இருக்கத்தான் வாய்ப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்தே இதைப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்றிருக்கிறார்கள். லாகூர் பக்கம் ஒரு காலத்தில் இருந்த கூட்டமே கூண்டிலிருந்து தப்பியவை என்று கருதப்படுகிறது. அழகாகப் பிறந்ததுதான் இதன் கேடு. வால் இறகு உடைந்திருக்கிறதா, நெற்றியில் கம்பியில் உரசின தேய்வு இருக்கிறதா, மனிதருக்குப் பயப்படாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். இன்னொன்று, சாயம். சாதாரணச் சில்லைகளுக்குப் பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று சாயம் பூசிக் கலர் குருவி என்று விற்கிற பழக்கம் உண்டு. சாயம் பூசிய பறவையில் நிறம் சீராக இருக்காது, காலிலும் அலகிலும் திட்டாகப் பிடித்திருக்கும், விலாப் பட்டை இருக்காது.

செல்லப்பிராணிக் கடையில் பின்ச் என்று விற்கிற ஆஸ்திரேலிய வரிச்சில்லை வேறு, நம் நாட்டுச் சில்லை வேறு. நம் நாட்டுச் சில்லை எதையும் பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைப்பது எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைச் சில்லைக்கு மேற்கொண்டு, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இடம் இருக்கிறது. பாவம் என்று காசு கொடுத்து வாங்கிப் பறக்க விடாதீர்கள், அந்தக் காசில் அடுத்த வாரம் வலை இன்னும் ஒரு தடவை விரியும். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

குறித்து வைப்பது

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளமான இபேர்டில் பட்டியல் போடும்போது எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்பதோடு என்ன புல், கதிர் பச்சையா முற்றியதா, பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு தூரம் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்தால் பழகினவர்களோடு நிற்க வாய்ப்பு கிடைக்கும். 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியும் இந்த ஊரில்தான் இருக்கிறது. சென்னைச் சில்லைகளின் இடத்தைத் தாராளமாகப் பகிருங்கள். பச்சைச் சில்லை என்றால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வயலையும் கிணற்றையும் சொல்ல வேண்டாம், போனில் எடுத்த படத்தில் இருப்பிடக் குறிப்பு ஒட்டிக்கொண்டு வரும், பகிரும் முன் அதை அணைத்துவிடுங்கள். கூட்டின் படம் எடுக்கவே வேண்டாம்.